வாசகர் கேள்வி – பதில்: கூட்டத்தில் பேசாத ஊழியர்

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட கணக்குப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். எங்களுடன் பணியாற்றும் இளைஞர் ஒருவர், தமக்கு ஆட்டிசம் இருப்பதாக என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் சரிபார்த்த கணக்கில் நான் இதுவரை ஒரு பிழைகூடக் கண்டதில்லை. ஆனால், கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசி நேரத்தில் வேலையை மாற்றினால் நிலைகுலைந்துவிடுகிறார். 'திமிர் பிடித்தவர்' என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவருக்கு மட்டும் சலுகை காட்டினால் பாரபட்சம் என்பார்களே, நான் என்ன செய்வது?

பதில்: அவர் உங்களிடம் நம்பிச் சொன்னதை, அவருக்குப் பரிந்து பேசுவதற்காகக்கூட, அவருடைய அனுமதியின்றி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். 'திமிர்' என்ற சொல்லைக் கேட்டால், வேலையைப் பற்றி மட்டும் பேசும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள். பள்ளி நாள் முதலே அவர் அந்தச் சொல்லைச் சுமந்து வந்திருக்கக்கூடும்.

ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதும் அவர் சொல்வதை உள்வாங்குவதும் ஒரே நேரத்தில் இயலாத இரண்டு வேலைகள். உங்கள் ஊழியர் மேசையைப் பார்த்தபடி இருப்பது, நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்பதற்காகவே இருக்கலாம். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளரும் தாமே ஆட்டிசம் உள்ளவருமான டேமியன் மில்டன், 2012-இல் எழுதிய கட்டுரையில், புரிதலின்மை இரு பக்கமும் இருப்பதாக வாதிட்டார்: அவர்களுக்கு நம்மைப் புரிந்துகொள்வது கடினம் என்றால், நமக்கும் அவர்களைப் புரிந்துகொள்வது அதே அளவு கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால், திருந்த வேண்டியவர் என்று நாம் சுட்டுவது எப்போதும் அவர்களைத்தான். இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அவருக்குப் பெரும் பாரமாக இருப்பது, பெரும்பாலும் வேலையைச் சூழ்ந்திருக்கும் தெளிவின்மைதான். மாலை நான்கு மணிக்கு, 'உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும், நாளை பார்க்கலாம்' என்று ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். அனுப்பியதையே நீங்கள் மறந்துவிடுவீர்கள். அவரோ என்ன தவறு நேர்ந்தது, யார் புகார் செய்தார்கள் என்று இரவெல்லாம் உழன்றுகொண்டிருப்பார். 'நாளை காலை 11 மணிக்குப் பத்து நிமிடம், சென்ற மாதச் செலவுப் பட்டியலில் இரண்டாம் பக்கத்தைப் பற்றி; உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை' என்று எழுத உங்களுக்கு அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். 'சீக்கிரம் முடியுங்கள்' என்பதற்குப் பதிலாக நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். இரண்டு வேலைகள் மோதினால் எது முதலில் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் பேசவிருப்பதை முந்தைய நாளே எழுதி அனுப்பி, கருத்தைக் கூட்டம் முடிந்த பிறகு எழுத்தில் தரலாம் என்றும் அறிவியுங்கள்.

அவருடைய இருக்கையில் நீங்களே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேல் டியூப்லைட் துடித்துக்கொண்டிருக்கலாம், முதுகுக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கலாம். நம் காது தானாகவே ஒதுக்கிவிடும் ஓசைகளை அவருடைய காது ஒதுக்காமல் போகலாம். ஆயினும், அவருக்கு இடையூறு எது என்று ஊகிக்காமல் அவரிடமே கேளுங்கள். ஒருவருக்கு ஹெட்போன் போதும். மற்றொருவருக்குச் சுவரோரம் இடம் வேண்டும். இன்னொருவருக்கு இரண்டுமே தேவைப்படாது.

பாரபட்சம் பற்றிக் கேட்டீர்கள். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தேவையான நியாயமான ஏற்பாடுகளை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. எனவே, 'சலுகை' என்ற சொல்லே இங்குப் பொருந்தாது. மேலும், நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை எட்டுப் பேருக்கும் செய்யலாம். அப்போது அவர் யாரிடமும் தம்மை வெளிப்படுத்தத் தேவையிருக்காது. தம் நிலையை இன்னும் சொல்லாத வேறொருவர் உங்கள் பிரிவிலேயே இருந்தால், அவருக்கும் அது உதவும்.

கேள்வி: முப்பத்தைந்து வயதில் எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு–மிகையியக்க நிலை) இருப்பது உறுதியானது. இதை அலுவலகத்தில் சொல்லலாமா?

பதில்: சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. சொன்ன பிறகு திரும்பப் பெற முடியாத செய்தி இது. எனவே, முதலில் உங்கள் நிலையின் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்டுப் பாருங்கள். 'ஒரு மாதக் கெடுவை நான்கு வாரக் கெடுக்களாகப் பிரித்துத் தாருங்கள்', 'வாய்மொழியாகச் சொன்னதை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள்' என்று எந்த ஊழியரும் கேட்கலாம். காலம் கழிவதை உணர்வது ஏடிஹெச்டி உள்ள பலருக்குக் கடினம் என்பதால், இடைக்கெடுக்கள் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும். வேலை நேரத்தை மாற்றுவது போன்ற முறையான ஏற்பாடு தேவைப்பட்டால், நிர்வாகத்திடம் தெரிவிக்காமல் அதைப் பெறுவது பெரும்பாலும் கடினம். அப்போது எழுத்து மூலமாகவே தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனம் ஆட்டிசம் போன்ற நிலை உள்ளவர்களையும் பணிக்கு எடுக்க விரும்புகிறது. நேர்காணலை எப்படி நடத்தலாம்?

பதில்: 2004-இல் டென்மார்க்கில் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்னே நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களின் திறனை வழக்கமான நேர்காணலால் அளக்காமல், லெகோ என்னும் விளையாட்டுக் கட்டைகளால் ரோபோக்களைச் செய்யவைத்துக் கவனித்தது. உங்களுக்கு ரோபோ தேவையில்லை. அந்தப் பணியில் அன்றாடம் செய்ய வேண்டியதில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கேள்விகளை இரண்டு நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வியைத் தவிர்த்து, 'முந்தைய வேலையில் நீங்கள் கண்டுபிடித்த ஒரு பிழையை விவரியுங்கள்' என்பது போல எல்லை தெரியும்படி கேளுங்கள். ஆட்டிசம் என்றாலே கணினி மேதை என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். அவர்களில் கணக்கே பிடிக்காதவர்களும் உண்டு, மனிதர்களோடு பழகும் பணியை விரும்பித் தேடுபவர்களும் உண்டு.