குடியானவன் அடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரத்தில் இரண்டு மாலை இத்தாலிய வாள்வீச்சு சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அறுநூறு வருடத்துச் சுவடி. ஆசான் யாரும் உயிரோடு இல்லை. புத்தகத்தைப் பார்த்து நீச்சல் பழகுகிற கதைதானே இது? சொல்லிக்கொடுப்பது சரிதான் என்று எப்படித் தெரியும்?

க.

அன்புள்ள க.,

ஆசான், சீடன் என்று வந்த தொடர்ச்சி அறுந்துவிட்டது, உண்மைதான். ஆனால் புத்தகம் வேண்டும் என்று சொன்னவர்களே அந்தக் காலத்து ஆட்கள்தான். வடகிழக்கு இத்தாலியில் உள்ள ஃப்ரியூலியைச் சேர்ந்த வாள்வீச்சு ஆசான் ஃபியோரே தேய் லிபேரி 1410 வாக்கில் ஃபெராராவின் பிரபு நிக்கோலோ தெஸ்தேவுக்காக எழுதிய சுவடியின் முன்னுரையில் இது வருகிறது: புத்தகம் இல்லாமல் இந்த வித்தையில் நல்ல ஆசானும் கிடையாது, நல்ல மாணவனும் கிடையாது என்று அவரிடம் படித்த கலெயாத்ஸோ சொன்னாராம். இத்தனைக்கும் ஃபியோரே ஆளில்லாத இடத்தில் ரகசியமாகப் பாடம் சொன்னவர். சொல்லித்தர மாட்டேன் என்று மறுத்ததற்காகப் பொறாமைக்கார ஆசான்களோடு 5 முறை, கவசமில்லாமல் கூர்வாளோடு மோத வேண்டிவந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுவடியில் 'குடியானவன் அடி' என்று ஒரு பாடம் உண்டு. முரடன் ஒருவன் விறகு பிளப்பதுபோல உச்சந்தலைக்கு ஓங்குகிறான். நீ இடதுகாலை, உங்கள் இருவருக்கும் நடுவிலுள்ள நேர்கோட்டிலிருந்து விலக்கி, வலதுகாலைக் குறுக்கே வைத்து, அடியை உன் வாளின் நடுவில் வாங்க வேண்டும். அவன் வாள் வழுக்கித் தரைக்குப் போகட்டும். உடனே அவன் தலையில் போடு. அவ்வளவுதான் பாடம்.

முதல் மாதம் இது யாருக்கும் வரவில்லை. படத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நானே இரண்டு வாரம் குழம்பினேன். கோளாறு படத்தில் இல்லை, அடிக்கிறவரிடம் இருந்தது. நம் ஆட்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள்: எதிராளிக்குப் பட்டுவிடுமோ என்று தலைக்கு ஒரு சாண் முன்னாலேயே வாளை நிறுத்திவிடுகிறார்கள். நின்றுபோன வாள் எப்படி வழுக்கும்? இப்போதெல்லாம் முதல் அரைமணி நேரம் தடுக்கிறவரை விட்டுவிட்டு, அடிக்கிறவருக்குத்தான் பாடம். தடுக்கிறவர் முகமூடி போட்டிருக்கிறார், வாள் மழுங்கல், ஒன்றரைக் கிலோகூட இல்லை. அவர் அசையாவிட்டால் உங்கள் அடி முகமூடியில் விழுந்தே ஆக வேண்டும்.

அப்படி அடித்தால் தப்பான வாசிப்பு ஒரு நிமிஷம் தாங்காது. முட்டுக்கொடுத்து மேலே தள்ளுகிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும். கால் விலகாதவருக்கு 'ணங்' என்று விழும். வாள் வழுக்கிப் போகும்போது மட்டும் கையில் பாரமே தெரியாது. சுவடியைவிட நான் நம்புவது அந்த 'ணங்'கைத்தான்.

இடதுகாலை எவ்வளவு தூரம் விலக்குவது என்று ஃபியோரே சொல்லவில்லை. நாங்கள் ஒரு சாண் என்று வைத்திருந்தோம். போன வருடம் ஆறரை அடி உயரத்தில் ஒருவர் வந்து சேர்ந்தார். இப்போது ஒரு முழம்.