சிவந்த இடத்தை நீவலாமா?

கேள்வி: பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் என் அப்பாவுக்கு, இடுப்பின் பின்புறம் எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்திருக்கிறது. எண்ணெய் தடவி நீவிவிடலாமா? ஏர் பெட் வாங்கிப் போட்டால் போதுமா?

பதில்: நீவவே கூடாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கி, ரத்தம் சரியாகப் போகாமல் தவித்த சதை அது. தேய்த்தால் உள்ளிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மேலும் சிதையும்.

அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, சிவந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. தோல் கிழியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். கறுத்த தோலில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அங்கே பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி: அந்த இடம் மட்டும் சூடாகவோ, சில்லென்றோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா? வலி இல்லை என்பதை நம்ப வேண்டாம், பக்கவாதம் தாக்கிய பக்கத்தில் உணர்ச்சியே குறைந்திருக்கலாம். ஊதா நிறமாக மாறியிருந்தால் ஆழத்தில் சதை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வைத்தியம். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். வீட்டில் ஒரே ஆள் இதைச் செய்துவிட முடியாது, முறை போட்டுக்கொள்ளுங்கள். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எடை மொத்தமும் இடுப்பு மூட்டு எலும்பில் இறங்கி, அங்கே புதுப் புண் கிளம்பும். முதுகுக்குப் பின்னால் தலையணை அண்டக் கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பேராக விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள். தோல் விரிப்பில் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் நகர்ந்தால் உள்ளே சதை பிய்கிறது. தலைப்பக்கத்தை வெகுநேரம் உயர்த்தி வைத்தாலும் உடம்பு சறுக்கி இதுவேதான் நடக்கும். ஆனால் சாப்பிடும்போதும், சாப்பிட்டுச் சிறிது நேரம் வரையும் தலை உயர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறிவிடும். குழாய் வழியாக உணவு போகிறதென்றால் எவ்வளவு தாழ்த்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் மறப்பது குதிகாலை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதையும் தொடாமல் நிற்கும்படி செய்யுங்கள்.

ஏர் பெட் நல்லதுதான், வாங்குங்கள். அது அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, திருப்பிவிடும் வேலையிலிருந்து உங்களை விடுவிக்காது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை மட்டும் வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள சதையை அது நெரிக்கும்.

சிறுநீர், மலம் பட்ட இடத்தை உடனே மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீம் பூசுங்கள். புரதம் குறைந்தால் புண் ஆறாது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால், கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். தோல் திறந்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாமல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு) நீரால் கழுவி மூடி, மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். சீழ், துர்நாற்றம், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமும் அரைத்தூக்கமும் மட்டும் வரலாம். அப்படியென்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.