'நீங்கள் சேமித்தது' என்று பில் சொல்கிறதே, அந்தக் காசு எங்கே?

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், அண்ணியிடம் வாங்கிய கைமாற்று என்று மூன்று கடன். அடைத்துவிடலாம் என்று வீட்டுச் சாமான் செலவில் கையை இறுக்கினேன். தள்ளுபடி பார்த்துத்தான் வாங்குகிறேன், மூன்று கடை ஏறி இறங்குகிறேன். பில்லில் 'நீங்கள் சேமித்தது' என்று வருகிற தொகையைக் கூட்டிக்கூட வைத்திருக்கிறேன். கடன் மட்டும் குறையவே இல்லை. ஏன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த வரியைக் கூட்டுவதை நிறுத்துங்கள். பொட்டலத்தில் போட்ட விலைக்கும் கடை விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் அது, அவ்வளவுதான். நான் பல வருஷம் ஒரு கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். அந்தத் தொகை எங்கள் பேரேட்டில் ஒரு நாளும் ஏறியதில்லை. உங்கள் பேரேட்டிலும் ஏற வேண்டாம். போன மாத மொத்தச் செலவில் இந்த மாதச் செலவைக் கழித்து வருவதுதான் மிச்சம்.

சரி, அப்படி மிச்சமானது எங்கே? சம்பளக் கணக்கிலேயே கிடந்திருக்கும்; வேறு ஏதாவது செலவு வந்து எடுத்துக்கொண்டிருக்கும். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வையுங்கள். அதற்குக் குறைவாக பில் வந்தால், மீதியைக் கடையை விட்டு வெளியே வந்ததுமே போனில் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை, மாதத்தில் பல தடவை கட்டலாம். பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வட்டி பெரும்பாலும் தினசரி நிலுவையின் மேல்தான் ஓடுகிறது. அதனால் பத்து நாள் முன்னால் கட்டினால் அந்தப் பத்து நாள் வட்டி மிச்சம்.

ஏன் கார்டுக்கு முதலில்? மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 என்று நினைப்போம். வட்டிக்கு வட்டி சேர்ந்து அது 42-ஐத் தாண்டும். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, புதிதாக எதுவும் வாங்காமல் அதை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், கடன் பாதியாகவே 32 மாதம் ஆகிவிடும். தனிநபர் கடனுக்குத் தவணை தவறாமல் போகட்டும், போதும். அதை முன்கூட்டி அடைக்க ஆசை வந்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இனி கடைக்கு வருவோம். மூன்று கடை ஏறி இறங்குவதை நான் விரும்பவில்லை. ஒவ்வொரு கடையிலும் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று பையில் ஏறும். வாரம் ஒரு தடவை, ஒரே கடை, அதுவும் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து அளவோடு எழுதிய சீட்டு. பெரிய பொட்டலம் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். விலையை எடையால் வகுங்கள், சில சமயம் சின்னதுதான் ஜெயிக்கும். அப்புறம் கண் மட்டத்துத் தட்டில் எதை வைப்பது என்பது யோசிக்காமல் நடப்பதில்லை. குனிந்து கீழ்த்தட்டையும் பாருங்கள். துணி சோப்பு, குப்பைப் பை மாதிரியான சாமானுக்குக் கடையின் சொந்தப் பிராண்டே போதும்.

'50 சதவீதம், அதன் மேல் 20 சதவீதம்' என்றால் 70 இல்லை, 60தான். மீதிப் பாதியில்தான் அந்த 20 கழிகிறது. 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்' என்பதில் மூன்றாவதைத் தூக்கி எறிந்தால் தள்ளுபடி பூஜ்யம்.

கேள்வி: சாமான் எல்லாம் கார்டிலேயே வாங்கினால் புள்ளி சேரும், லாபம்தானே என்கிறார் என் கணவர். கார்டில் பழைய பாக்கியும் இருக்கிறது.
- இன்னொரு வாசகி

பதில்: பாக்கியே வைக்காதவருக்கு லாபம். உங்களுக்கு இல்லை. பழைய பாக்கி இருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடும். இன்று வாங்கியதற்கு இன்றிலிருந்தே வட்டி. நூறுக்கு விற்பதை 10 சதவீதத் தள்ளுபடியில் தொண்ணூறுக்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அது பாக்கியிலேயே கிடந்து மாதம் 3 சதவீதம் வளர்ந்தால் நாலு மாதத்தில் 101 ஆகிவிடும். தள்ளுபடியே நிற்காதபோது புள்ளி எங்கே நிற்கும்? பாக்கி தீரும்வரை ரொக்கம் அல்லது டெபிட் கார்டு. அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். என்னைத் திட்டினால் பரவாயில்லை.

கேள்வி: அக்கா, இன்னொரு சந்தேகம். அண்ணி வட்டி கேட்கவில்லை. ஆனால் முகம் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அவருக்கு முதலில் கொடுத்துவிடலாமா?
- முதல் வாசகியேதான்

பதில்: கணக்குப்படி கடைசி. ஆனால் உறவுக்கும் ஒரு தவணை உண்டு. சின்னத் தொகையாக மாதாமாதம் ஒரே தேதியில் அவரே கேட்காமல் கொடுங்கள். கார்டு தீர்ந்ததும் தொகையைக் கூட்டுகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அவருக்கு அவசரம் என்றால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.