கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை வைத்தால் ஏன் மின்சாரம் வருவதில்லை?

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்பும் என்று 1820-இல் ஓர்ஸ்டெட் கண்டார். அதைத் தலைகீழாக்கி, சுருளுக்குள் காந்தத்தை வைத்தால் மின்சாரம் வரும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வராது. வந்தால், எந்த வேலையும் செய்யாமல் ஆற்றல் கிடைத்துக்கொண்டே இருக்குமே! சுருளை ஊடுருவும் காந்தப்பாயம் (சுருளின் பரப்பின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) மாறும்போதுதான் மின்னழுத்தம் தோன்றும். 1831-இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுருளில் மின்கலத்தை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே, மற்ற சுருளின் கம்பி அருகே இருந்த காந்த முள் அசைந்தது.

எவ்வளவு மின்னழுத்தம் வரும்? 300 சுற்றும் 1 சதுர செ.மீ. (0.0001 சதுர மீ.) பரப்பும் கொண்ட சுருள், 0.3 டெஸ்லா காந்தப்புலமுள்ள நியோடிமியம் காந்தம் என்று வைத்துக்கொள்வோம். அதை 0.05 விநாடியில் உள்ளே தள்ளினால் சராசரியாக 300 × 0.3 × 0.0001 ÷ 0.05 = 0.18 வோல்ட். சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். பலர் செய்துபார்த்து ஏமாறுவது இங்கேதான். சுற்றுகளைக் கூட்டுங்கள், அல்லது காந்தத்தை வேகமாக நகர்த்துங்கள்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் இவ்வளவு குறுகிய துடிப்பைத் தவறவிட்டுவிடும்; சிறு மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கால்வனோமீட்டர் நல்லது. வைண்டிங் கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை (மின்காப்புப் பூச்சை) உப்புத்தாளால் செம்பு பளிச்சிடும்வரை தேய்த்தெடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் மின்சுற்றே மூடாது. காந்தத்தை வெளியே இழுத்தால் முள் எதிர்ப்பக்கம் சாயும்.