'மிஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன?

ஒரே சொல்லில் பதில் கேட்டால் மாட்டிக்கொள்வோம். எதை மிஸ் பண்ணினீர்கள்? அதைச் சொன்னால்தான் எதிர்ச்சொல் வரும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் டியூஷன் கொடுக்கிறேன். என்னையும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம், இந்த வினைச்சொல்லுக்குச் சொந்தமில்லை. இப்படிக் கேள்வி வந்தால் அகராதியைத் திறக்க விடமாட்டேன். வாக்கியத்தை முதலில் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லு என்பேன். மஸ்கெலியா பஸ்ஸை மிஸ் பண்ணினால் "பஸ்ஸ விட்டுட்டேன்" என்கிறோம். விட்டதற்கு எதிர் பிடித்தது. ஆங்கிலத்திலும் அதேதான், 'கேட்ச்'. வகுப்பை மிஸ் பண்ணினால் "போகல", போனால் 'அட்டெண்ட்'. சொன்னதை மிஸ் பண்ணினால் "காதுல விழல". விழுந்தால் மறுபடியும் 'கேட்ச்'.

மாங்காய்க்கு எறிந்த கல் மிஸ் ஆனால் "குறி தப்பிருச்சு", பட்டால் 'ஹிட்'. வளைவில் வந்த லொறி நம்மை மிஸ் பண்ணினாலும் எதிர்ச்சொல் அதே 'ஹிட்'தான். ஆனால் கல் தப்பினால் நட்டம், லொறியிடம் தப்பினால் ஆயுசு கெட்டி. தமிழின் 'தப்பு' இரண்டுக்கும் ஈடுகொடுப்பதைப் பாருங்கள். (தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்குத் தப்பு என்றதும் திருவிழாவில் அடிக்கிற தப்பு மேளம்தான் ஞாபகம் வரும். ஒருவன் மேசையைத் தட்ட ஆரம்பிப்பான், அன்றைய பாடம் அதோடு சரி.)

1852இல் வெளிவந்த ரோஜெட்டின் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தில் ஒரு கருத்தும் அதன் எதிர்க்கருத்தும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் நிற்கும். அகரவரிசையில் எதிர்ச்சொல் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி சிக்கலான இடம்: 'ஐ மிஸ் மை மதர்'. நம் பேச்சில் "அம்மாவத் தேடுது". இதற்கு எதிர்ச்சொல்லாக 'ஃபர்கெட்' என்று எழுதினால் வெட்டிவிடுவேன். மறந்தால்தான் தேடாது என்று யார் சொன்னது? அம்மா பக்கத்திலேயே இருந்தாலும் தேடாது. உண்மையில் இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் கச்சிதமான ஒற்றை எதிர்ச்சொல் கிடையாது.

போன வருடம் இதைப் பயிற்சியாகக் கொடுத்தேன். அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் ஒரு பிள்ளை, "அம்மா வந்துட்டாங்க" என்று தமிழில் எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே 'மை மதர் இஸ் ஹோம்' என்று எழுதியிருந்தாள். நான் கேட்டது ஒரு சொல், அவள் எழுதியது ஒரு வாக்கியம். சரி போட்டுக் கொடுத்தேன்.