வாவிக்கு அக்கரையில் என் பேத்தி

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 63 வயது. மட்டக்களப்பு வாவிக்கரையில் குருமண்வெளிப் பக்கம். என் ஒரே மகள் சென்ற ஆண்டு சுகயீனத்தால் காலமாகிவிட்டாள். எங்கள் வழக்கப்படி மகளும் மருமகனும் சீதன வீட்டில், எங்களோடு ஒரே வளவில்தான் இருந்தார்கள். பேத்தி ஏழு வயது வரை என் பாயில்தான் உறங்கினாள். என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொள்ளாமல் அவளுக்கு நித்திரை வராது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அன்று வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "இது என் மகளுக்குக் கொடுத்த வீடு, இனி உமக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். மறுநாளே மருமகன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு அக்கரையில் மண்டூர்ப் பக்கம் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். எட்டு மாதமாகிறது. அழைத்தால் எடுப்பதில்லை. மூன்று முறை படகுப்பாதையில் அக்கரைக்குப் போய்ப் பள்ளிக்கூட வேலியோரம் நின்று பார்த்தேன். கடைசி முறை அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. பனங்கிழங்கு கொடுத்து, "அப்பாவிடம் சொல்லாதே" என்றேன். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள். இனி வர வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

எங்கள் வழக்கத்தில் பிள்ளை தாயின் குடியை, அதாவது குலத்தைச் சேர்ந்தவள்தானே? பார்க்க எனக்குச் சட்டத்தில் உரிமை இல்லையா? வழக்குப் போடலாமா?

ஓர் அம்மம்மா

*

அன்புள்ள அம்மா,

மகளைப் பறிகொடுத்த துக்கம் ஆறுமுன்னே பேத்தியையும் பிரிந்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே நெஞ்சு தாங்குவது கொடுமை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளையைப் பார்ப்பது தாத்தா பாட்டியின் உரிமை என்று இலங்கையில் தனியாக எழுதிவைத்த சட்டம் இல்லை. தாய் இல்லாதபோது தந்தையே இயற்கைப் பாதுகாவலர். குடிவழி கோயிலில் செல்லும், கலியாணப் பேச்சில் செல்லும். பிள்ளையின் பொறுப்பை நீதிமன்றம் அதை வைத்துத் தீர்மானிப்பதில்லை. பிள்ளையை அவரிடமிருந்து எடுப்பதானால், அங்கே இருப்பது அவளுடைய உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ கேடு என்று காட்டவேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். நீதிபதி பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்ப்பார். ஏழு வருடம் உங்கள் கையில் வளர்ந்தாள் என்பதற்கு அங்கே பெறுமதி உண்டு. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, பிள்ளையின் கருத்துக்கும் செவிகொடுக்கச் சொல்கிறது. வசதி குறைவென்றால் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தில் விசாரியுங்கள்.

ஆனாலும் அந்தப் பனங்கிழங்குதான் என் மனதைவிட்டுப் போகவில்லை. அதைச் சட்டைக்குள் ஒளித்தபடி அந்தப் பிள்ளை வீட்டுக்கு நடந்திருப்பாள். அப்பாவிடம் சொன்னால் அம்மம்மாவுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் துரோகம். தாயை இழந்த ஏழு வயதுப் பிள்ளை இன்னும் ஒருவரை இழந்துவிடுவோமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பாள். தயவுசெய்து இனி வேலியோரம் போகாதீர்கள்.

மருமகனையும் நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் மனைவி போனால் ஆணுக்கு இருந்த வீடும் அந்நியமாகிவிடுகிறது. அதே மாதத்தில் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். துக்கத்தில் சொன்னதென்று எனக்குப் புரிகிறது. அவருக்குப் புரிய நீங்கள்தான் சொல்லவேண்டும். வீடு யாருக்கு என்பது வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பார்த்துச் சட்டத்தரணி சொல்லவேண்டிய விடயம். பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

முதலில் மருமகனின் தாயை, உங்கள் சம்பந்தியைச் சந்தியுங்கள். இப்போது உங்கள் பேத்திக்குத் தலை வாரிவிடுகிறவர் அவர்தான். பிள்ளை இரவில் விழித்து அழுகிறாளா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு மருமகனிடம், "தம்பி, அன்றைக்கு நான் சொன்னது பிழை" என்று சொல்லுங்கள். அதோடு "ஆனால்" சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம், அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் முன்னிலையில் என்று சிறிதாகக் கேளுங்கள். கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிக் குளிர்த்தித் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதெல்லாம் பிறகு பேசலாம். நேரே பேசத் தயக்கமென்றால் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நடுவில் இருக்கச் சொல்லிக் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகும் கதவு திறக்கவில்லை என்றால் நீதிமன்றம் போங்கள், அதில் தவறில்லை.

அவளைக் கண்டதும் அழுகை வந்தால் வரட்டும். "அம்மம்மாவோடு வருகிறாயா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தாயைப் பற்றி அவளாகப் பேசினால் பேச விடுங்கள்.

போகும்போது நீங்கள் உடுத்துப் பழகிய சேலை ஒன்றை எடுத்துப் போங்கள். அதை மருமகனின் கையில் கொடுத்து, பிள்ளை படுக்கும்போது பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.