காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை பின்னேரம் உப்புவெளியிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாயின் கையில் ஒரு பைல். அதற்குள் ஓ.எல். பெறுபேறு, மாகாண மட்டக் கூடைப்பந்துச் சான்றிதழ்கள் மூன்று, எல்லாவற்றுக்கும் அடியில் பொலித்தீன் உறைக்குள் வீட்டுக் காணி உறுதி. படிப்பு விஷயம் பேச வருகிறவர்கள் காணி உறுதியையும் கொண்டுவருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

பொடியனுக்கு 17 வயது. 6 அடி 1 அங்குலம். கதவுநிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, கதிரையின் நுனியில் இருந்தான். வாய் திறக்கவில்லை. தாய்தான் பேசினார்.

"ரெண்டு பக்கமும் இழுக்கினம் சேர். பெரிய மாமா ஏ.எல்.ல பயோ எடுத்து டொக்டராகச் சொல்றார். கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற சித்தப்பா, பொடியனை அமெரிக்காவுக்கு அனுப்புங்கோ, என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில வருவான் எண்டு ஒரு ஏஜென்சியையும் பிடிச்சுத் தந்திட்டார். நீங்க ஒண்டு சொல்லுங்கோ."

பயப்படாதேங்கோ, பிள்ளை கெட்டிக்காரன், எல்லாம் சரிவரும் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கலாம். முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பைலின் அடியிலிருந்த உறுதியைக் கண்ட பிறகு முடியவில்லை. அன்றைக்குச் சொன்னதையும், அவர்கள் போன பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இதே மாமாவும் இதே சித்தப்பாவும் ஊரில் அரைவாசி வீடுகளில் இருக்கிறார்கள்.

மாமாவின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், கணக்குத் தெரிந்தவர். அவருடைய வாதம்: திருகோணமலை பின்தங்கிய மாவட்டம், இசட் புள்ளி (ஏ.எல். பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கிற புள்ளி) குறைவாக எடுத்தாலே மருத்துவம் கிடைக்கும். பாதிதான் உண்மை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம்முடையது அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் மாவட்ட இடத்துக்கு உங்கள் மகன் போட்டி போடுவது கொழும்புப் பிள்ளையோடு இல்லை. அதே ரியூஷனில் முன் வாங்கில் இருக்கும், விஞ்ஞானத்தில் ஏ எடுத்த பிள்ளையோடு. இவன் விஞ்ஞானத்தில் சீ. அதுவும் விருப்பமில்லாமல் எடுத்த சீ. மூன்று தரம் ஏ.எல். எழுதலாம் என்று மாமா சொல்கிறாராம். எழுதலாம்தான். மூன்றும் முடியும்போது பிள்ளைக்கு 21, 22 வயது. அதற்குள் முழங்கால் இருந்தாலும் பந்து இருக்காது. மருத்துவத்தைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் உண்டு.

சித்தப்பாவின் கதை கொஞ்சம் நீளம், ஏனென்றால் அதில் ஆசை கலந்திருக்கிறது. 2019இல் ரொறொன்ரோவின் என்.பி.ஏ. அணியான ராப்டர்ஸ் கிண்ணம் எடுத்தபோது அங்கே கொண்டாடிய தமிழர்களில் அவரும் ஒருவராம். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 இடம், அதற்கு மேல் கீழ் லீக்குக்கும் மேல் லீக்குக்கும் மாறிமாறிப் போகிற இருவழி ஒப்பந்தம் மூன்று. மொத்தம் 540 கதிரை, முழு உலகத்துக்கும். அங்கே ஆடுபவர்களின் சராசரி உயரம் 6 அடி 6 அங்குலம். 5 அடி 3 அங்குல மக்ஸி போக்ஸ் 14 பருவம் ஆடவில்லையா என்று சித்தப்பா கேட்பார். ஆடினார். அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், ஏனென்றால் காட்ட வேறு ஆள் இல்லை.

நமக்குப் பக்கத்து நாட்டுக் கதை ஒன்று. பஞ்சாபைச் சேர்ந்த சத்நாம் சிங் 7 அடி 2 அங்குலம். 14 வயதில், 2010இல், புலமைப்பரிசில் கொடுத்து புளோரிடாவில் இருக்கும் ஐ.எம்.ஜி. என்ற விளையாட்டுப் பயிற்சி அக்கடமிக்கு அழைத்துப்போனார்கள். என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்கிற டிராப்டில், 2015இல், 52ஆவது ஆளாக டலஸ் அணி அவரைத் தெரிவு செய்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தெரிவான முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு? என்.பி.ஏ.யில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கீழ் லீக்கில் ஆடினார், பிறகு மல்யுத்த நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டார். அந்தக் கீழ் லீக்கில் 2022-23 பருவத்துக்கான சாதாரணச் சம்பளம் 40,500 டொலர். ஸ்காபரோவில் லொறி ஓட்டுகிற சித்தப்பா அதைவிடக் கூட எடுப்பார் என்று நினைக்கிறேன்.

மேலே போனவனின் வாழ்க்கையாவது சொகுசா? ஆறு மாதத்தில் 82 ஆட்டம், பாதி வெளியூரில். இரவு ஆட்டம் முடிந்து, முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு விமானம் ஏறி, விடியுமுன் இன்னொரு ஊர் ஹோட்டலில் படுத்து, அடுத்த நாள் திரும்ப ஓட்டம். சராசரியாக நான்கைந்து வருடத்தில் கதை முடிகிறது. ஐரோப்பா, ஆசியா என்று வேறு நாட்டுக் கிளப்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தலையிடி: சம்பளம் வருமா என்பது. ஒப்பந்தப்படி காசு கொடுக்காத கிளப்களுக்கு எதிராக வீரர்கள் போய் நிற்பதற்கென்றே உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007இல் ஒரு நடுவர் மன்றம் அமைக்க வேண்டிவந்தது. தனியாக ஒரு மன்றம் தேவைப்படுகிறதென்றால் வழக்கு எத்தனை வரும் என்று யோசியுங்கள்.

இனி அந்த ஏஜென்சித் தாள். முதலில் "பதிவுக் கட்டணம்" 5 இலட்சம். பிறகு அமெரிக்கப் பள்ளியில் ஒரு வருடத்துக்கு 60 இலட்சம். அதன் பிறகு பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் "நிச்சயம்". நிச்சயம் என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கல்லூரிப் பெயர்கள். பொடியனையே போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். மூன்றும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை, அது விதி. அவன் வாசித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். தாய் என்னைப் பார்க்கவில்லை, பைலைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் தங்கச்சி. உங்கள் மகனை மெய்யாகவே தேவைப்படும் பயிற்சியாளர் உங்களிடம் காசு கேட்க மாட்டார், அவர்தான் செலவழிப்பார். சத்நாமுக்கு அப்படித்தான் நடந்தது. வலைப்பந்தில் நம் தர்ஜினி சிவலிங்கம் மெல்பேர்னுக்கு ஆடப் போனதும் இலங்கை அணிக்கு ஆடிப் பெயர் எடுத்த பிறகுதான். உறுதியை ஈடு வைப்பதோ, சீட்டை முற்கூட்டி எடுப்பதோ, அக்காவுக்கென்று வைத்த நகையைத் தொடுவதோ வேண்டாம். சித்தப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவர் தன் வீட்டை ஈடு வைக்கட்டும். இதை அவருக்கு வாட்ஸப்பில் வாசித்துக் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை.

சரி, பொடியனுக்கு என்ன வேண்டும்? இதை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கேட்கவில்லை. நானும் கேட்க மறந்திருப்பேன். அவன் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி விழுந்ததால் தப்பினேன். எடுத்துக் கொடுக்கும்போது திறந்துகொண்டது. பக்கம் முழுக்கப் பெயர்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட அணிப் பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தடுப்பவர் இல்லாமல் கூடைக்கு எறிகிற பிரீத்ரோ இருபதில் எத்தனை விழுந்தது என்று மூன்று மாதக் கணக்கு. ஓரத்தில் பென்சில் குறிப்பு: "முழங்கை வெளிய போகுது." "இடது கையால பந்து தட்டப் பயம்." ஒரு பெயருக்கு நேரே: "சப்பாத்து இல்ல. மழைக்குப் பிறகு சீமெந்தில விட வேண்டாம்."

யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்ல சேர். சும்மா."

தாய் அந்தக் கொப்பியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

இந்தப் பிள்ளைக்கு ஆடப் பிடிக்கும், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க அதைவிடப் பிடிக்கும். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதவு இருக்கிறது, காசும் பெரிதாகக் கேட்காது. ஆனால் சபையில் சொன்னால் மாமாவின் முகம் சுருங்கும்: தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்விப் பாடநெறி. ஆம், பி.ரி. மாஸ்டர் வேலை. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை பி.ரி. மாஸ்டர் என்றால் குரல் தாழ்ந்துவிடுகிற ஊர் இது, தெரியும்.

மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் கல்லூரி விடுதியிலேயே தங்க வேண்டும். படிப்புக்குக் கட்டணம் இல்லை, அரசு மாதாமாதம் ஒரு கொடுப்பனவும் தருகிறது. மூன்றாம் வருடம் ஒரு பாடசாலைக்கு உள்ளகப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். முடித்தால் தேசிய கற்பித்தல் டிப்ளோமா, அதோடு இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம். தமிழ்மொழி மூலம் படிக்க மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணம், அட்டாளைச்சேனை என்று கல்லூரிகள் உண்டு. எந்தப் பாடநெறி எங்கே என்பது அந்தந்த வருட வர்த்தமானியில் வரும்.

உள்ளே என்ன செய்வார்கள்? விடியற்காலை மைதானம். எலும்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன, வளருகிற பிள்ளையின் முழங்காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்ற பாடங்கள். ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்பு போட நூல் பிடிக்கப் பழக வேண்டும், வளைவில் ஓட்டத் தொடக்கக் கோடு ஏன் படிப்படியாக முன்னே தள்ளிப்போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கூடைப்பந்து மட்டும் இல்லை, கரப்பந்து, எல்லே, தடகளம் எல்லாம் விதிப்புத்தகத்தோடு. அப்புறம் 40 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பந்து இருந்தால் ஒருவனையும் சும்மா நிற்கவிடாமல் 40 நிமிடத்தை எப்படி ஓட்டுவது என்ற பெரிய வித்தை. நல்ல பி.ரி. மாஸ்டரை அதில் கண்டுபிடிக்கலாம். இந்தப் பொடியன் அதைக் கொப்பியில் ஏற்கனவே தொடங்கிவிட்டான்.

ஆட்டமும் நின்றுபோகாது. விடுதியில் ஒரு வளையமும் அரைக் கோர்ட்டும் இருந்தால் மூன்றுக்கு மூன்று ஆடலாம். 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, ஓர் அணிக்கு மாற்று ஆளோடு நான்கே பேர். டோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டம். வேலையோடு சேர்த்து மாவட்ட அணி, நடுவர் தேர்வு, பயிற்சியாளர் சான்றிதழ் என்று ஏறலாம். கொழும்பு வகுப்புகளில் தமிழ் மட்டும் போதாது. ஆகவே தம்பி, இப்போதே சிங்களம் பிடி. மார்க்கட்டில் பேசுகிற சிங்களத்தை எழுதவும் பழகு.

வில்லங்கங்களையும் சொல்லிவிடுகிறேன். இடங்கள் குறைவு, ஏ.எல். புள்ளியும் நேர்முகப் பரீட்சையும் தாண்ட வேண்டும். முதல் நியமனம் வீட்டு வாசலில் கிடைக்காது, பஸ் போகாத ஊராகவும் இருக்கலாம். இவ்வளவு காலம் சேவை செய்வேன் என்று ஒப்பந்தமும் எழுத வேண்டும். சம்பளம் கையைக் கடிக்கும். கிடைக்காவிட்டால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பட்டம், விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் பட்டம் இரண்டையும் பாருங்கள். ஆகவே ஏ.எல்.லில் அவனால் நன்றாகச் செய்யக்கூடிய பாடங்களை எடுக்கட்டும், மூன்றிலும் ஒழுங்காகச் சித்தியடையட்டும். புவியியலில் அவனுக்கு ஏ இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

மாமாவிடம் சொல்ல ஒரு கதை தருகிறேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், குளிருக்கு வெளியே போக முடியாமல் குழப்படி செய்த பொடியன்களை அடக்க, மாடி விளிம்பில் இரண்டு பீச் பழக் கூடைகளைக் கட்டி இந்த ஆட்டத்தை உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒரு உடற்கல்வி ஆசிரியர். பிறகு மருத்துவப் பட்டமும் எடுத்தார். எடுத்த கையோடு கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். கிழக்கில் இந்த ஆட்டம் வேர்விட்டதும் வகுப்பறைக்காரர்களால்தான், அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளால். அவர்களில் ஒருவரான யூஜின் ஹேபர்ட் அடிகளார், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கியவர், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார். இன்றைக்கும் அங்கே வயதான ஆட்டக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும்.

எழும்பும்போது தாய் கேட்டார், "அப்ப ஏஜென்சிக்குக் கட்ட வைச்சிருந்த முதல் அஞ்சு இலட்சம்?"

நிலையான வைப்பில் போடுங்கள். அதில் கொஞ்சம் எடுத்து ஒரு சோடிச் சப்பாத்து வாங்குங்கள். அவன் வாசலில் கழற்றி வைத்ததைப் பார்த்தேன். இடது காலில் பெருவிரலுக்குக் கீழே வட்டமாகத் தேய்ந்து உள்துணி தெரிகிறது. அந்தக் காலில் ஊன்றித்தான் திரும்புகிறான். சைக்கிள் டயர் ஒட்டிச் சமாளித்தது போதும், கணுக்கால் பிரண்டால் ஒரு பருவம் போய்விடும். காலையில் கடைக்குப் போக வேண்டாம். பின்னேரம் பயிற்சி முடிந்து போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த காலுறை போட்டு, இரண்டு காலிலும் போட்டுப் பார்த்து எடுங்கள்.